காலுக்குக் கேட்கிற பெட்டி

மகன் கட்டாரிலிருந்து கொடுத்தனுப்பிய ஹோம் தியேட்டரைப் பிரித்தபோது அதில் ஒரு டிவிடி மெஷினும் ஐந்து சின்ன ஸ்பீக்கர்களும் இருந்தன. அட்டைப்பெட்டியின் மேலிருந்த படத்தில் ஆறு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆறாவது, எல்லாவற்றிலும் பெரியது, அதைக் காணவில்லை. கொண்டுவந்து கொடுத்தவர் தலையைச் சொறிந்தார்.

"பேக்ல நிறை கூடிப்போச்சும்மா. ஏர்போட்ல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. அதான் அந்தப் பெரிய பெட்டிய மட்டும் ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேன். அது இல்லாட்டியும் பாட்டு கேக்கும், கவலப்படாதீங்க."

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது என்பது அவருக்குத் தெரியாது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்குப் பக்கத்தில் முப்பது வருசம் நின்றவர். காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் மழைச் சத்தம் கேட்கவில்லை என்றார். பிறகு கோயில் மணி. என் குரல் எப்போது போனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது, நான் பேசுவதே அவ்வளவு மெதுவாகத்தான். மகன் வெளிநாடு போகும்போது எங்களைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கூட்டிவந்து, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு வைத்துவிட்டுப் போனான். கீழே வீட்டுச் சொந்தக்கார நோனா தனியாக இருந்தார். சிங்களப் பெண், புருசன் இல்லாதவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். மேலே பலகைத் தளம். நான் சட்டை தைத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினார். எங்கள் ரோட்டில் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் கடைசி இருக்கைக்கு அடியில் பெரிய பெட்டி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பாட்டுப் போட்டால் கம்பிகள் எல்லாம் அதிரும். மற்றவர்கள் அந்த இருக்கைக்குப் போகவே மாட்டார்கள். இவர் போய் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவருடைய முகமே வேறாக இருந்தது.

"இந்தா, பாட்டு காலுக்குக் கேக்குது" என்றார். "காலுல ஏறி முதுகெலும்பு வழியா மண்டைக்கு வருது. மேளம் எங்க அடிக்கிறான், எங்க நிப்பாட்டுறான், எல்லாம் தெரியுது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அதே பஸ். கண்டிக்குப் போவார், இறங்கமாட்டார், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். டிரைவரும் கண்டக்டரும் பழகிவிட்டார்கள். எனக்கும் அது சந்தோசமாகத்தான் இருந்தது, நோனா மேலே ஏறி வந்து சொல்கிறவரைக்கும்.

அது யுத்தத்தின் கடைசி வருசங்கள். கண்டிக்குப் போகிற வழியில் வாவிக்கு முன்னாலேயே ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்துபோய், அந்தப் பக்கம் போய் நிற்கிற அதே பஸ்ஸில் மறுபடி ஏறவேண்டும். எங்கள் பேரைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அன்று நோனாவும் அதே பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"உங்க மாத்தயா எறங்க இல்ல" என்றார். மூச்சு வாங்கியது. "எல்லாரும் எறங்கினது. அவர் பின்னுக்கு கண்ண மூடிக்கிட்டு இருக்கிறது. ஆமிக்காரர் உள்ளுக்கு ஏறி 'பஹின்ன, பஹின்ன' சொல்லி கத்தினது. எறங்கச் சொல்லித்தான் கத்தினது. மூணு தரம். பொறவு துவக்க இப்பிடிப் பிடிச்சது."

கையிலிருந்த குடையை மார்புக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"ஐயோ. அப்புறம் நோனா?"

"கண்டக்டர் ஓடிப் போய் கையப் பிடிச்சு இழுத்தது. காது இல்ல, காது இல்ல சொல்லி அவர்தான் கத்தினது." குடையைக் கீழே இறக்கினார். "நாளைக்கி கண்டக்டர் வேற ஆள் வந்தா?"

அன்றிலிருந்து ஐந்தரைக்கும் ஏழு மணிக்கும் நடுவில் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. ஜன்னலுக்குப் போவேன், அடுப்புக்குப் போவேன், மறுபடி ஜன்னல். மேட்டில் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்துக்கும் எழுந்து நிற்பேன். தைத்த சட்டைப் பை ஒன்று முன்பக்கத்துக்குப் பதிலாக முதுகில் போய் ஒட்டியிருந்தது. பிரித்துத் தைத்தேன்.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன். துணி வெட்டுகிற மேசையில் தையல் சாக்கட்டியால்தான் நான் அவருக்கு எழுதுவேன். 'போகவேண்டாம், சுட்டுப்போடுவான்' என்று எழுதினேன். படித்தார். உள்ளங்கையால் அழித்தார்.

"நான் என்ன களவா எடுத்தேன்? ஐடென்டி பையில இருக்கு."

'கூப்பிட்டால் கேட்காது உங்களுக்கு.'

"ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்" என்றார். "அதையும் புடுங்காத."

அதற்குமேல் என்ன எழுதுவது? அவரைத் தடுக்க முடியாது என்றால் அந்த பஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் கட்டாரில் தங்கிவிட்ட அந்த ஆறாவது பெட்டி என் மூளையில் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் பேசும்போது கேட்டேன்.

"அதுக்குப் பேரு சப்வூஃபர்ம்மா. பேஸ் பெட்டின்னு சொன்னாலும் தெரியும். சின்னதெல்லாம் பேச்சுக்கு, அது அடிச்சத்தத்துக்கு. அப்பாவுக்குத்தானே, மலிவானதா ஒண்ணு பாருங்க. ஆனா உங்க மெஷினுக்குப் பொருந்துதான்னு கேட்டு வாங்குங்க."

கேட்டு வாங்கவேண்டும் என்றதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கடைக்குப் போனாலும் சாமானைக் காட்டுவேன், பணத்தை நீட்டுவேன், வந்துவிடுவேன். பேரம் பேசத் தெரியாது, கேள்வி கேட்கத் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் வாயால் அளவு சொன்னால் பிழையாகிப்போகும், பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்தால் பிழையாகாது. அதனால் மெஷினுக்கு ஒரு அளவுச் சட்டை தயாரித்தேன். அதைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தைப் பெரிய பழுப்புத் தாளில் அப்படியே வரைந்தேன். ஓட்டை இருக்கிற இடத்தில் ஓட்டை, வயரைக் கவ்வுகிற கிளிப் இருக்கிற இடத்தில் கிளிப். எந்த ஓட்டைக்கு என்ன நிறமோ அந்த நிற நூலில் ஒரு துண்டு வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். பெரிய பெட்டிக்கு உரிய இடத்தில் இரண்டு கிளிப் இருந்தன. பக்கத்தில் ஒரு நாலும், குதிரை லாடம் மாதிரி ஒரு அடையாளமும். அதையும் வரைந்தேன்.

ஒரு காலையில் அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கண்டிக்குப் போனேன். முதலில் ஏறியது கண்ணாடி போட்ட பெரிய கடை. அங்கே நீல விளக்கு எரிகிற பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் என்னைக் கண்டதும் ஒன்றைத் தட்டினார்.

"இத பாருங்க அன்ட்டி. ரெண்டாயிரம் வாட்ஸ். லைட் பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறும். ரிமோட்டும் இருக்கு."

தாளைக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார்.

"இது என்ன, சட்டைக்கு டிசைனா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வந்தது வந்தாயிற்று, ஒன்றாவது கேட்கலாம் என்று, "இது நடுங்குமா?" என்று கேட்டேன்.

"நடுங்காது அன்ட்டி. நல்ல கம்பனி. அசையவே அசையாது, கெரண்டி."

நான் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கண்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், திகனையிலிருந்து வந்துபோகிற ஒருவர் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். மகன் சின்ன வயதில் எங்கள் டோர்ச் ரேடியோவை அவரிடம்தான் கொண்டுபோவான். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சுவர் நிறைய வயிறு திறந்த ரேடியோக்கள். அவர் தாளை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"யாரு வரஞ்சது?"

"நான்தான் நானா."

"மாஷா அல்லாஹ். இந்த டவுன்ல மெஷினத் தூக்கிட்டு வாறவன்கூட இவ்வளவு சரியாச் சொல்லமாட்டான்." விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க தங்கச்சி. பேஸ் பெட்டி ரெண்டு சாதி. ஒண்ணு தன்ட சோத்தத் தானே திங்கும், அதுக்குத் தனியா கரண்ட் ப்ளக் ஈக்கி. மெஷினுக்கும் அதுக்கும் உருண்டை ஊசி வெச்ச ஒரு வயர். மத்தது மெஷின்ட கையாலதான் திங்கும். ரெண்டு வயர் மட்டும் வரும், வேற ஒண்டும் வேணாம். உங்கட மெஷின்ல உருண்டை ஓட்டை இல்ல, கிளிப்தான் ஈக்கி. அந்த நீல லைட் பெட்டிய வாங்கியிருந்தா உக்கார ஸ்டூலாத்தான் வெச்சிருக்கோணும்."

"இந்த லாடம்?"

"அதத்தான் முக்கியமாப் பாக்கோணும். லாடத்துக்குப் பக்கத்துல நாலு. பெட்டியிலயும் நாலு ஈக்கோணும். கூடினாப் பரவால்ல, சத்தம் கொறையும். நாலுக்குக் கொறஞ்சா மெஷின் சூடாகிக் கருகிடும்."

மேசைக்கு அடியில் குனிந்து, தூசியும் சிலந்தி வலையுமாக ஒரு கறுத்த பெட்டியை இழுத்தார். பின்னால் கிளிப் இரண்டு, நாலு, லாடம். "இதோட மெஷின் மௌத்து. இது மட்டும் உசிரோட கிடக்கு" என்றார். டோர்ச் பற்றரி ஒன்றை எடுத்து அதன் இரண்டு முனையிலும் வயரைத் தொட்டார். டுப் என்றது. உள்ளேயிருந்த கறுப்புக் காகித வட்டம் ஒரு தரம் குதித்து நின்றது.

"கைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். டுப். என் முழங்கைவரை வந்தது.

"நடுங்குமான்னு கேக்கத் தேவையில்ல போல" என்றேன், எனக்கே கேட்காத மாதிரி.

"என்னத்துக்கு நடுங்கோணும்?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ், பின் இருக்கை, ஆமிக்காரர், குடை, எல்லாம் சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் அவ்வளவு தொடர்ந்து பேசியதில்லை. அவர் விலையைக் குறைத்தார். பிறகு திருப்புளியை எடுத்தார். நன்றாக மூடியிருந்த பின்பலகையைக் கழற்றி ஆணிகளை எல்லாம் ஒரு காகிதத்தில் சுருட்டினார்.

"மூடாமத்தான் தருவேன். கோவிச்சுக்காதீங்க. இப்ப எல்லாருக்கும் இப்பிடித்தான் குடுக்கிறது. கறுத்த பெட்டி, வயர், உங்கட பேரு... செக் பொயின்ட்ல தட்டிப் பார்ப்பான். தட்டிப் பார்க்க முந்தித் தொறந்து காட்டுங்க. வூட்டுக்குப் போய் ஆணிய முடுக்குங்க. வயர்ல கோடு போட்ட பக்கம் கறுப்புக் கிளிப்புக்கு, கோடு இல்லாத பக்கம் மத்ததுக்கு. மாறிச்சுண்டா அடி எல்லாம் வயித்துக்குள்ளயே நிண்டுரும்."

பெட்டியை ஒரு புடவைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். சாவடியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்குமுன்னே முடிச்சை அவிழ்த்துவிட்டேன். ஆமிக்காரர் ஏதோ கேட்டார். பலகையைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். வெள்ளைப் பஞ்சை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். காந்தத்தை விரலால் தட்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொல்ல, போ என்று கை காட்டினார். ஆணிச் சுருள் என் உள்ளங்கையில் வேர்த்து நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன், காகிதம் கிழிந்து ஒரு ஆணி குறைந்திருந்தது.

மீதியை முடுக்கினேன். கோடு போட்ட வயர் கறுப்புக்கு, மற்றது மற்றதுக்கு. அதுவரைக்கும் எல்லாம் சரி. பிழை அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் என் பக்தியால்.

புதிதாக ஒரு சாமான் வீட்டுக்கு வந்தால் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வைத்தேன். வெறும் தரையில் வைக்க மனம் வரவில்லை. ஸ்டூலில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏற்றினேன். பெட்டியின் பின்னால் என் கை நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருந்தது. எங்கள் குசினியில் எலி இருந்தது. உள்ளே பஞ்சும் இருக்கிறது, அது குட்டி போடாமல் விடுமா? பழைய துணியைச் சுருட்டி அந்த ஓட்டையை நன்றாக அடைத்தேன். டிவிக்கும் மெஷினுக்கும் பின்னல் உறை போட்டிருந்ததால் இதற்கும் ஒன்று தைத்துப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். திருவிழா மேளம் வருகிற படம் ஒன்றைப் போட்டேன். அவர் உறைக்கு மேல் உள்ளங்கையை வைத்தார். காத்திருந்தார். திரையில் நாலு பேர் மேளத்தைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அவருடைய முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கன்னத்தையும் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு உசுரு இல்லயே" என்றார். பிறகு குடையை எடுத்தார்.

அன்று அவர் வருகிறவரைக்கும் நான் உட்காரவில்லை. பஸ் பிந்தியது. மழை வேறு. ஏழேகாலுக்கு அவர் நனைந்துகொண்டு படியேறியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் காலையில் நானாவுக்குப் போன் பண்ணினேன். என்ன என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓட்டையை அடைத்ததைச் சொன்னதும் இடைமறித்தார்.

"தங்கச்சி, அது மூச்சு விடுற வாய்."

"எலி போகும் நானா."

"எலிக்குக் கம்பிவலை அடியுங்க. மூக்கையும் வாயையும் பொத்தி, கம்பளியில படுக்க வெச்சு, மேல துணியும் போத்தினா யாரு பேசுவாங்க? மௌத்தான மய்யித்துக்குச் செய்ற வேலையெல்லாம் அதுக்குச் செஞ்சிருக்கீங்க!"

சிரித்தேன், பல நாளைக்குப் பிறகு. உறையைக் கழற்றினேன், துணியை இழுத்தேன், கம்பளியை எடுத்தேன். பெட்டியை வெறும் பலகைத் தளத்தில் வைத்தேன். வீட்டுக்காரரையும் தரையில் உட்காரச் சொன்னேன். அதே படம், அதே மேளம்.

டும் என்று விழுந்தது.

அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. அவர் இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பரப்பி வைத்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்தார். நான் சத்தத்தைக் குறைக்கலாமா என்று நினைப்பதற்குள் கீழே கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நோனா ரோட்டில் நிற்கிறார், செருப்பில்லாமல். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்கள். எல்லோரும் டவுன் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், புகை எழும்புகிறதா என்று.

அந்த நாட்களில் தூரத்தில் ஒரு டும் கேட்டால் குண்டோ என்று எல்லோரும் அப்படித்தான் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் செய்திருக்கிறேன். ஓடிப்போய் ப்ளக்கை இழுத்தேன்.

நோனா படியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன இது? ஆ? போம்ப எண்டு நெனச்சது நான்! எனக்கு பிரசர் இருக்கிறது. ஆக்கள் பொலிசுக்கு சொன்னா? தமிழ் ஆக்கள் வீட்டில சத்தம் கேட்டது சொன்னா, உங்களுக்கும் கரச்சல், எனக்கும் கரச்சல்!"

நான் பெட்டியைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் இன்னும் தரையில்தான் இருந்தார். மின்சாரம் நின்றது தெரியாமல், பலகையில் கையை வைத்தபடி, எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தார். நோனா அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். குங்குமப் பொட்டையும் பார்த்தார்.

"பஸ்சுக்குப் போகாம இருக்கவா இது?"

தலையாட்டினேன்.

நோனா நீளமாக மூச்சு விட்டார். "கேக்கத் தேவை இல்லதானே அவருக்கு" என்றார் பிறகு. "ஒடம்பில பட்டாப் போதும்தானே. பஸ்ஸில கதிரைக்கு அடிலதானே வச்சிருக்கிறது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. நானாவும் யோசிக்கவில்லை. எங்களிடம் ஒரு பழைய வாங்கு, நீளப் பலகை இருக்கை, இருந்தது. அதை இழுத்து, அடியில் பெட்டியைத் தள்ளினோம். வாங்கின் பலகையைத் தொடாமல் இடைவெளி இருந்தது. பழைய புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கம்பளியை மடித்து வைத்தோம். இந்தத் தடவை கம்பளி சரியான இடத்துக்கு வந்தது, அடி தளத்துக்கு இறங்காமல் தாங்கியது. பெட்டியின் தலை வாங்கின் அடியை முட்டியது. சத்தத்தைப் பாதிக்குப் பாதியாகக் குறைத்தேன். நோனா கீழே போய்த் தன் அறையில் நின்று, "இல்ல! கேக்குறது இல்ல!" என்று கத்தினார். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். "ஆ, இப்ப கொஞ்சம்! போதும், போதும்!" அந்த இடத்தில் ரிமோட்டில் என்ன எண் என்று பார்த்து வாங்கின் காலில் சாக்கட்டியால் எழுதினேன்.

வீட்டுக்காரர் வாங்கில் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று ஐந்தரை பஸ் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போனது. அவர் எழும்பவில்லை.

இரண்டு மாதம் அப்படியே போனது. நான் அந்த இரண்டு மாதத்தில் தைத்த சட்டைகளில் ஒரு பிழை இல்லை. சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஜன்னலுக்குப் போகவேண்டும் என்று கால் மட்டும் துடிக்கும், அது பழக்கதோசம். டவுனில் ஆமிக்காரர்கள் எத்தனை பேரைப் பிடித்தார்கள், எந்த லொட்ஜில் புகுந்தார்கள் என்று நோனா வந்து சொல்வார். எங்கள் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து சட்டையை மாட்டினார். நான் போய் வாசலில் நின்றேன். சாக்கட்டியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கையால்தான் கேட்டேன், ஏன், பெட்டி சரியில்லையா?

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "பஸ்ஸுல இருக்கிறத விட நல்லா இருக்கு. ஆனா இந்த பஸ்ஸுல யாரும் ஏறமாட்டேங்கிறாங்க."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இவ்வளவு அலைந்து, இவ்வளவு பேரிடம் வாய் திறந்து! ஆனால் அவர் சொன்னதில் என்ன பிழை? பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள், மீன் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள், கண்டக்டர் தோளில் தட்டுவார். எங்கள் வீட்டில் நானும் தையல் மெஷினும்தான். ஓடிப்போய்ச் சேலையை மாற்றி, என் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். ரோட்டைக் கடக்கும்போது குடையை என் பக்கம் சாய்த்தார்.

பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அதிர்வில் என் பல்லெல்லாம் ஆடியது. சாவடி வந்ததும் அவர் முழங்காலைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார். இறங்கினோம். வரிசை நகர்ந்தது. புது ஆமிக்காரர் ஒருவர் அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். இவர், தனக்குக் கேட்காதபோது எப்போதும் செய்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆமிக்காரர் முகம் இறுகியது. மறுபடி கேட்டார், இந்தத் தடவை உரத்து.

"கன் எஹென்னே நே, மாத்தயா" என்றேன். காது கேட்காது என்று. அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஆமிக்காரர் என் பக்கம் திரும்பினார். "கொஹெத யன்னே?"

எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். எங்கே போகிறோம்? எங்கேயும் போகவில்லை. சும்மா போய்ச் சும்மா வருகிறோம் என்று அந்த நாளில் ஒரு தமிழ்க் குடும்பம் ஆமிக்காரரிடம் சொல்லமுடியுமா?

"கடேட்ட" என்றேன். கடைக்கு.

"மொனவத கன்னே?" என்ன வாங்க?

என் தலைக்குள் ஒரு சாமானும் வரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முதலில் வந்ததைச் சொன்னேன். "கொத்தமல்லி." அது இரண்டு பாசையிலும் ஒரே சொல்தான். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

சொன்னதற்காக, கண்டியில் இறங்கி ஓடிப்போய் ஒரு பாக்கெட் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு, புறப்படுகிற பஸ்ஸைப் பிடித்தோம். திரும்பும்போதும் அந்த ஆமிக்காரர் அங்கேயே நின்றார். என் பையைத் திறந்து பார்த்தார். இருந்தது.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். தினமும் அதே கேள்வி, அதே பதில். மாற்றிச் சொல்லப் பயம், நேற்று ஒன்று இன்று ஒன்று என்று பிடித்துக்கொண்டால்? வீட்டில் கொத்தமல்லி பாக்கெட்டுகள் சேர்ந்தன. நோனாவுக்குக் கொடுத்தேன், சட்டைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தேன். தினம் இரண்டு வேளை கொத்தமல்லித் தண்ணி குடித்தோம். மழை நாளில் மட்டும் வாங்கில் உட்கார்ந்து படம் பார்ப்பார். மழை பெய்யவேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டேன்.

ஒருநாள் அந்த ஆமிக்காரர் எங்கள் அட்டையைத் திறக்கக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்து, "அதத் கொத்தமல்லித?" என்று கேட்டார். இன்றைக்கும் கொத்தமல்லியா?

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. விளையாட்டுக்குக் கேட்டாரா, சந்தேகத்தில் கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் ஏறினோம். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் பருப்பு வாங்கினேன்.